அறுபத்துமூன்றாம் பக்கத்துப் படகோட்டி

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, இரண்டாமாண்டு மாணவிகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த சில்வியாவை வரலாற்றுத் துறை அறைக்கு வரச் சொன்னார்கள். அங்கே இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவரை அவளுக்கு நன்றாகத் தெரியும். கடற்படையில் கமடோராக இருந்து ஓய்வு பெற்ற வரதன், கடலோரப் பாதுகாப்பு பற்றிய ஓர் ஆய்வு மையத்தின் இயக்குநர். இன்னொருவர் சீருடையில் வரவில்லை. ஆனாலும் அவர் உட்கார்ந்திருந்த விதமே போலீஸ் என்று சொன்னது.

மேசைமேல் அந்த மையத்துக்காக அவள் எழுதிய அறிக்கையின் பிரதி கிடந்தது. அறுபத்துமூன்றாம் பக்கத்தில் சில வரிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள்.

"இவர் தண்டபாணி. இந்தப் பக்கத்துக் கடலோரப் பாதுகாப்பு இவர் பொறுப்பு" என்றார் வரதன். "ஒரு சின்ன விளக்கம் வேணும், டாக்டர் சில்வியா. அவ்வளவுதான்."

தண்டபாணி அந்த வரிகளைச் சத்தமாகப் படித்தார். "'எண்ணூர்க் கழிமுகத்தில் தொழில் செய்யும் ஒரு படகோட்டி கூறியது: நீர் வற்றும் நேரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்க்குப் பின்புறமாகச் சென்றால், காவலர்களின் கண்ணில் படாமலே நிலக்கரிக் கப்பல்கள் நிற்கும் ஜெட்டியின் அடிவரை இன்றும் போய்விடலாம். கரையைக் காப்பவர்களைவிடக் கரையில் வாழ்பவர்களுக்கே கரை தெரியும்.' நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"இந்தப் படகோட்டி யாரு?"

"அது பதினேழாவது நேர்காணல். பேர் சொல்ல முடியாது சார். முப்பது வருஷத்துக்கு யார் பேரும் வெளியே வராதுன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். மையமும் அதுக்குச் சம்மதிச்சிருக்கு."

வரதன் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

தண்டபாணி குரலை உயர்த்தவில்லை. "போன செவ்வாய்க்கிழமை விடிகாலை, ஜெட்டிக்கு முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு ஃபைபர் படகு மிதந்துகிட்டிருந்தது. ஆள் இல்ல. எஞ்சின் இல்ல. பதிவு எண்ணைச் சுரண்டி எடுத்திருக்காங்க. ஜெட்டியை ஒட்டியே எரிவாயு இறக்கற இடம் இருக்கு. அங்க ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எத்தனை வீடு போகும்னு உங்களுக்கே தெரியும். நீங்க ராயபுரத்துக்காரங்க."

"தெரியும்."

"வியாழக்கிழமை கூட்டம். கழிமுகத்துல இருக்கற அறுபத்திரண்டு படகையும் அப்புறப்படுத்தி காசிமேட்டுக்குக் கொண்டுபோகணும்னு ஒரு பரிந்துரை இருக்கு. அந்தக் கரையில இனி படகே நிக்கக்கூடாது. அதுக்கு ஆதாரம் உங்க அறுபத்துமூணாம் பக்கம்தான். அந்த ஒரு ஆள் யாருன்னு தெரிஞ்சா, அவனை விசாரிச்சு வழியை அடைச்சிட்டு மத்தவங்களை விட்டுடலாம். தெரியலைன்னா எல்லாரையும் சந்தேகப்படறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல."

சில்வியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பேரை வெளியே விடாமல் காக்கும் கவலை மட்டும் என்றால் அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அப்படி ஒரு படகோட்டியே கிடையாது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அதை அவள் அப்போது சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

சில்வியாவுக்கு நாற்பத்தேழு வயது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். 1914இல் எம்டன் கப்பல் மெட்ராஸ்மேல் குண்டு வீசிய நாளிலிருந்து இன்றுவரை இந்தக் கரையை அரசாங்கங்கள் எப்படிக் காவல் காத்தன என்பதுதான் அவள் இருபது வருடமாகப் படித்துவந்த விஷயம். தேசப் பாதுகாப்புக்குத் திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் பார்க்கிறார்களே தவிர, பழைய கோப்புகளையோ கரையில் இருக்கும் மனிதர்களையோ பார்ப்பதில்லை என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு வரதன் அவளைக் கூப்பிட்டார். "குறை சொன்னீங்க, சரி. இப்ப நீங்களே வந்து எழுதுங்க" என்றார். தேதிகளை மனப்பாடம் பண்ணும் துறை என்று கேலியாகவே கேட்டுப் பழகியவளுக்கு அந்த அழைப்பு பெரிய கௌரவமாக இருந்தது.

பதினான்கு மாதம் காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை அலைந்து நாற்பத்தொரு பேரிடம் பேசினாள். அதில் பதினேழாவது ஆள் வியாகுலம்மாள். ஐம்பத்தெட்டு வயது. படகு எதுவும் இல்லாதவள். நீர் வற்றும் நேரத்தில் கழிமுகத்தில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். இடுப்பில் பனையோலைப் பறி கட்டிக்கொண்டு, ஜெட்டியின் தூண்களுக்கு அடியில் இறால் அதிகம் என்று, குழாயின் பின்னால் முழங்கால் தண்ணீரில் நடந்துபோவாள். அது தடை செய்த இடம். அவள் மகன் பிராங்கிளின் அதே ஜெட்டியில் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மா அங்கே நுழைகிறாள் என்று தெரிந்தால் அவனுடைய கேட் பாஸ் போய்விடும். அதனால்தான் பேர் வேண்டாம் என்றாள்.

அறிக்கை எழுதும்போது சில்வியா இன்னும் ஒரு படி போனாள். கையால் இறால் தடவும் பெண்கள் வியாகுலம்மாளின் மீனவக் குப்பத்தில் ஏழெட்டுப் பேர்தான். 'ஒரு பெண்' என்று எழுதினாலே கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே 'படகோட்டி' என்று மாற்றினாள். முழங்கால் தண்ணீர் என்பதையும் விட்டுவிட்டாள். அப்படி மாற்றியதைக் குறிப்பாக எங்கேயும் சொல்லவில்லை. கடைசி வரியைச் சேர்த்ததும் பத்தி கம்பீரமாக இருந்தது. அதில் அவளுக்குத் திருப்திகூட உண்டானது.

இப்போது அந்தப் பத்தியிலிருந்து ஒரு படகு புறப்பட்டு ஜெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வரதனுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள், பேரை மட்டும் சொல்லாமல்.

"இதை வேற யாருக்காவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. படகை எடுக்கறது ஆறு மாசத்துக்குத்தான். தற்காலிகம். அப்புறம் நானே பேசி மாத்த வைக்கறேன். இப்பப் போய் 'நான் மாத்தி எழுதினேன்'னு சொன்னீங்கன்னா, உங்க பேரோட மையத்தோட பேரும் போயிடும். அந்த ஆளைக் காப்பாத்த இப்ப ஒரு கதை சொல்றீங்கன்னுதான் தண்டபாணி நினைப்பார். அவர் நம்பணும்னா அந்தம்மாவைக் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா ரெக்கார்டிங்கைக் கொடுங்க. ரெண்டும் இல்லாம என்ன செய்ய முடியும்?"

"ஆறு மாசம் அந்தப் படகுக்காரங்க என்ன சாப்பிடுவாங்க?"

"டாக்டர் சில்வியா, நீங்க அம்பது வருஷம் தள்ளி நின்னு சரி தப்பு சொல்லலாம். நான் வியாழக்கிழமைக்குள்ள சொல்லணும்."

அவர் கோபமாகப் பேசவில்லை. களைப்பாகத்தான் பேசினார். அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

புதன்கிழமை கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு எண்ணூருக்குப் போனாள். குப்பத்துக்குப் போகும் மண்சாலையின் முனையில் புதிதாக ஒரு போலீஸ் ஜீப் நின்றது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வியாகுலம்மாள் கரையோரத்தில் பறியிலிருந்த இறாலை அலசிக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சரே, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

சில்வியா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். வியாகுலம்மாள் கை அலசுவதை நிறுத்தவில்லை. 'படகோட்டி' என்ற இடம் வந்ததும்தான் நிறுத்தினாள்.

"என்னியா? என்னப் போயி படகு ஓட்றவன்னு எய்தினியா?"

"உங்களை யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் அக்கா."

"நா பொம்பள. வயித்துப் பொயப்புக்கு சேத்துல கைய வுட்டுத் தடவறவ. அத்த அப்டியே எய்தறதுக்கு இன்னா? இப்ப அறுவது வூட்டு அடுப்புல தண்ணி ஊத்திட்டியே!"

"தப்பு என்னோடதுதான். அதைச் சரி பண்ணத்தான் வந்தேன். நாளைக்குக் கூட்டத்துல நீங்க வந்து, அது நடக்கற வழிதான், படகு போகாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா..."

"வந்து? எம் புள்ள பாஸப் புடுங்கிக்கினு தொரத்தி வுடுவான். அவன் சம்பாத்தியத்துலதான் வூட்டுல நாலு உசுரு சோறு துன்னுகினு கீது. வரமாட்டேன்."

"பேரைச் சொல்ல வேண்டாம்..."

"மூஞ்சி இருக்குதே! மூஞ்சிய இன்னா பண்றது?" வியாகுலம்மாள் எழுந்துவிட்டாள். "அன்னிக்கு நா பேசனத்தப் புடிச்சி வெச்சிக்கினியே, அது எங்க கீது?"

"என்கிட்டதான் இருக்கு. போன்ல ஒண்ணு, பென்டிரைவ்ல ஒண்ணு. எழுதி எடுத்த தாளும் பையிலயே இருக்கு."

"நாளிக்கி உன்ன உள்ள குந்த வெச்சி மெரட்னா அத்தக் குடுத்துடுவ. நீ நல்லவதான். ஆனா குடுத்துடுவ. அத்த அயிச்சிடு. எங் கண்ணு முன்னாடி அயி."

சில்வியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மணி பத்து நிமிடப் பேச்சு. வழியைப் பற்றிய நான்கு நிமிடம் மட்டுமா அதில் இருந்தது? சுனாமி அன்று தண்ணீர் பின்வாங்கியபோது துள்ளிய இறாலைப் பொறுக்க ஓடிய தங்கை, முதல் குழாய் வந்த வருடம், கணவன் செத்த வருடம், ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அந்தப் பெண்கள் வைத்திருந்த பெயர்கள். நாற்பத்தொன்றில் அதற்கு இணையாக எதுவும் கிடையாது. அழித்துவிட்டால் நாளைக்குக் கூட்டத்தில் காட்ட அவளிடம் ஒன்றுமே இருக்காது.

"வேற எங்கயாவது பத்திரமா..."

"அயி டீச்சரே."

அவள் போனை எடுத்தாள். வியாகுலம்மாளிடம் திரையைக் காட்டி, அழித்தாள். பென்டிரைவையும் தாள்களையும் அவள் கையிலேயே கொடுத்தாள். வியாகுலம்மாள் பென்டிரைவைக் கல்மேல் வைத்து இன்னொரு கல்லால் நசுக்கினாள். தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்துத் தண்ணீரில் போட்டாள். பிறகு சில்வியாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கஷ்டமா கீதா?"

"ஆமா அக்கா."

"சரி, போ. ஜீப்புக்காரன் பாக்கறான்."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது சில்வியா ஒரு நோட்டை எடுத்து, அந்த நான்கு நிமிடப் பேச்சில் தனக்கு நினைவிருப்பதை எழுதப் பார்த்தாள். இரண்டு வரி எழுதியதும் தான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. தாளைக் கிழித்து வாயில் போட்டு மென்று, ஜன்னல் வழியாகத் துப்பினாள். எதிர் இருக்கைக்காரர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

வியாழக்கிழமை கூட்டம் ஜெட்டிக்குப் பக்கத்து அலுவலகக் கட்டடத்தின் முதல் மாடியில் பத்து மணிக்குத் தொடங்கியது. பதினொரு பேர். குப்பத்திலிருந்து யாரும் இல்லை. சுவரில் கழிமுகத்தின் வரைபடம் பெரிதாக விழுந்திருந்தது. கடலிலிருந்து கிளம்பிக் குழாயைச் சுற்றி ஜெட்டிவரை ஒரு சிவப்புக் கோடு வளைந்து போயிற்று. அதன் பக்கத்தில் 'படகு வழி' என்று எழுதியிருந்தது.

தண்டபாணி பரிந்துரையை வாசித்து முடித்ததும் சில்வியா கையைத் தூக்கினாள். வரதன் மெதுவாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம்.

அவள் எழுந்து நின்றாள். "1942ல ஜப்பான்காரன் வங்காளத்துக்கு வந்துடுவான்னு பயந்து, அவனுக்குப் பயன்படக் கூடாதுன்னு ஆயிரக்கணக்கான படகை அரசாங்கம் பறிமுதல் பண்ணிச்சு. ஜப்பான்காரன் வரல. படகு இல்லாததால மீனும் வரல, நெல்லும் நகரல. மறு வருஷம் வந்த பஞ்சத்துக்கு அதுவும் ஒரு காரணம். அந்த உத்தரவு போட்டவங்க யாரும் கெட்டவங்க இல்ல. அவங்களுக்கும் வியாழக்கிழமைக்குள்ள முடிவெடுக்க வேண்டியிருந்தது."

"2008ல பம்பாய்க்கு மீன்பிடிப் படகுலதான் மேடம் வந்தாங்க" என்றார் தண்டபாணி. "அதுக்கு உங்க வரலாறு என்ன சொல்லுது?"

அறையில் சிலர் தலையசைத்தார்கள். நியாயமான கேள்வி என்று சில்வியாவுக்கும் தோன்றியது.

"அவங்க கரையில இறங்கினப்ப முதல்ல பார்த்து, யாருடா நீங்கன்னு கேட்டதும் மீனவங்கதான் சார். அவங்களைக் கரையை விட்டுத் துரத்திட்டா அடுத்த தடவை யார் கேப்பாங்க? ஆனா நான் எழுந்தது அதைச் சொல்ல இல்ல." அவள் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினாள். "அறுபத்துமூணாம் பக்கத்துல இருக்கற படகோட்டி பொய். நான் பேசின ஆள்கிட்ட படகு கிடையாது. ஆளை மறைக்கறதுக்காக நான்தான் படகோட்டின்னு எழுதினேன். அது முழங்கால் ஆழத்துல நடந்துபோற வழி. படகு தரை தட்டிடும். அந்தச் சிவப்புக் கோடு நான் போட்ட கோடு. அப்படி ஒண்ணு தண்ணியில இல்ல."

யாரோ பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. வரதன் கண்களை மூடிக்கொண்டார்.

"போன வாரம் ஆதாரமா இருந்தது இந்த வாரம் பொய்யா?" என்றார் தலைமை வகித்தவர். "எதை நாங்க நம்பறது? ரெக்கார்டிங் இருக்கா?"

"நேத்து அழிச்சிட்டேன்."

அறை இரைந்தது. ஆதாரத்தை அழித்ததற்கு வழக்கே போடலாம் என்றார் ஒருவர்.

"இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்குத் தண்ணி வத்தும்" என்றாள் சில்வியா. "நான் நடந்து காட்டறேன். நீங்க மேல நின்னு பாருங்க. ஆழத்தை அளந்துக்குங்க."

பன்னிரண்டு மணிக்கு அவர்கள் எல்லோரும் குழாயை ஒட்டிய மேட்டில் நின்றார்கள். வெயில் தலைக்கு நேரே இருந்தது. சில்வியா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக, சாம்பல் நிறத்தில் இருந்தது. அடியில் சேறு மாவைப்போலக் குழைந்தது. கழிமுகத்தின் நடுவில் தூரத்தில் சில பெண்கள் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வியாகுலம்மாள் நேர்காணலில் சொன்னது தலைக்குள் ஓடியது. மூணாவது தூணு வரிக்கும் வலது கையால குயாயத் தொட்டுக்கினே போ. அப்பால கண்டல் செடி ஒண்ணு தனியா நிக்கும். அங்க இடது பக்கம் ஒடிச்சிடு. குயாய நம்பி நேராப் போனா சாம்பலு இஸ்துக்கும்.

குழாயைத் தாங்கும் முதல் தூண். இரண்டாவது தூண். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. மேட்டில் ஒரு காவலர் நீளக் கழியை விட்டு ஆழம் பார்ப்பது தெரிந்தது. மூன்றாவது தூணைத் தொட்டபோது அவளுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவானது. செடியைத் தேடினாள்.

அங்கே செடி எதுவும் இல்லை.

வியாகுலம்மாள் பேசியது போன வருடம் ஜனவரியில். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு புயலும் போய்விட்டிருந்தன. செடி அடித்துக்கொண்டு போயிருக்கலாம். யாராவது வெட்டியிருக்கலாம். எங்கே திரும்புவது என்று சொல்ல எதிரில் ஒன்றும் இல்லை. பளபளவென்று ஒரே மட்டமாகத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. நின்று யோசித்தால் மேலே இருப்பவர்கள் அவளுக்கு வழி தெரியவில்லை என்று நினைப்பார்கள். குத்துமதிப்பாக இன்னும் நான்கு எட்டு வைத்து இடதுபக்கம் திரும்பினாள்.

ஐந்தாவது எட்டில் வலது கால் தொடைவரை இறங்கியது. இழுக்கப் பார்த்தாள். இடது காலும் இறங்கியது. அடியிலிருந்து யாரோ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதுபோல இருந்தது. அசைய அசைய உள்ளே போனாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, பிறகு அதற்கும் மேலே. மேட்டில் யாரோ கத்தினார்கள். ஒரு காவலர் இறங்க, அவரும் முழங்கால்வரை புதைந்து பின்வாங்கினார்.

"ஆடாத! ஏய் டீச்சரே, ஆடாத!"

நடுவிலிருந்த பெண்களில் ஒருத்தி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தாள். மேட்டில் அத்தனை பேர் நிற்பதை அவள் பார்த்திருப்பாள். பார்த்தும் நிற்கவில்லை.

"காலத் தூக்காத. அப்டியே பின்னால சாஞ்சி படு. மல்லாக்கப் படு! மூஞ்சி மட்டும் மேல இருக்கட்டும்."

சில்வியா மல்லாந்தாள். காதுக்குள் தண்ணீர் போயிற்று. வெயிலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. வியாகுலம்மாள் வயிறு சேற்றில் பட ஊர்ந்துவந்து, இடுப்பிலிருந்த பறியை அவிழ்த்து, அதன் கயிற்றைச் சில்வியாவின் அக்குளுக்கடியில் கொடுத்து இழுத்தாள். மற்ற பெண்களும் வந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்கள். முதலில் இடது கால் வந்தது. வலது கால் வர வெகுநேரம் ஆயிற்று. வந்தபோது சில்வியாவின் வாயிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

கெட்டித் தரையில் அவளை உட்கார வைத்தார்கள். அதற்குள் தண்டபாணி சுற்றிக்கொண்டு அங்கே வந்துவிட்டார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. பெண்கள் ஏழு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க திரும்பணும்னு உங்கள்ல யாருக்குத் தெரியும்?"

வியாகுலம்மாள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டியதை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினாள்.

ஏழு பேரில் இளையவளான சிவந்தி முன்னால் வந்தாள். "எனக்குத் தெரியும் சார்."

"எனக்கும் தெரியும்" என்றாள் இன்னொருத்தி.

"எங்க எல்லாத்துக்குமே தெரியும்" என்றாள் மூன்றாமவள். "இதுல இன்னா சார் ரகசியம்? எங்காத்தா காலத்துலேருந்து நடந்துகினு கீறோம். படகு இங்க வந்தா குந்திக்கும். ஓணும்னா ஒரு படகு எத்தாந்து உட்டுப் பாரு."

தண்டபாணி ஆழம் பார்த்த காவலரைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டடிக்கு மேல எங்கயும் இல்ல சார்" என்றார் அவர். "மிச்சமெல்லாம் சேறு."

"டீச்சர்கிட்ட பேசினது உங்கள்ல யாரு?"

"டீச்சரு எல்லாங்கிட்டயும் பேசுவாங்க" என்றாள் சிவந்தி.

அவர் சட்டைப்பையிலிருந்து சிறு நோட்டை எடுத்தார். ஏதோ எழுதப் போனவர், வியாகுலம்மாளின் கைகளை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுதி, அதைச் சில்வியாவிடம் திருப்பிக் காட்டினார்: 'உள்ளூர்ப் பெண்கள், ஏழு பேர்.' பெயர் எதையும் கேட்கவில்லை.

"படகு வராது, சரி" என்றார் நோட்டை மூடிக்கொண்டே. "ஆள் நடந்து வரலாமே மேடம். அதை நான் பார்க்காத மாதிரி இருக்க முடியாது."

அவர் சொன்னது உண்மை.

படகுகளை அகற்றும் பரிந்துரை அன்று மாலையே கைவிடப்பட்டது. பத்து நாளில் குழாயின் பின்புறம் முழுக்க இரும்பு வேலி வந்தது. ஜெட்டிக்கு மறுபக்கம் இறால் கிடைக்கும் சேற்று மேட்டுக்குப் போக, பெண்கள் இப்போது சாலை வழியாக நான்கு கிலோமீட்டர் சுற்ற வேண்டும். நாற்றம் என்று ஷேர் ஆட்டோக்காரர்கள் ஏற்றுவதில்லை. பிராங்கிளினின் பாஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆளில்லாத அந்தப் படகு எங்கிருந்து வந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவரவில்லை.

சில்வியா அறிக்கையைத் திருத்தினாள். அந்தப் பத்தியில் தான் எதை மாற்றினாள், ஏன் மாற்றினாள், அதனால் என்ன நடக்க இருந்தது என்று ஒரு முழுப் பக்கம் எழுதிச் சேர்த்தாள். வரதன் நேரில் வந்தார்.

"இந்தக் குறிப்போட வந்தா மத்த நாற்பது நேர்காணலையும் எவனும் நம்பமாட்டான்."

"கேள்வி கேட்டுப் பார்த்துட்டு நம்பட்டும் சார்."

"நீங்க சொல்றது சரிதான். ஆனா கேள்வியை வெச்சுக்கிட்டு நான் எந்தக் கூட்டத்துக்கும் போக முடியாது. எனக்குப் பதில் வேணும்." போகும்போது, அன்று மேட்டில் நின்றபோது தன் கால்கள் நகரவே இல்லை என்றார். "முப்பத்தொரு வருஷம் கடல்ல இருந்தவன் நான். நின்னுட்டேன்." அறிக்கைகளைத் தொகுத்து மையம் வெளியிட்ட புத்தகத்தில் அவளுடைய அறிக்கை இடம்பெறவில்லை.

வேலியில் ஒரு வாசல் கேட்டுப் பெண்கள் மனு எழுதினார்கள். எழுதிக் கொடுத்தது சில்வியா. எத்தனை அடித் தண்ணீர், எத்தனை பெண்கள், எத்தனை மணி நேரம் என்று எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொருத்தியும் தானே முடிவு செய்தாள். ஐந்து பேர் போட்டார்கள். வியாகுலம்மாள் போடவில்லை. அந்த மாதங்களில் அவள் சில்வியாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மனு எங்கெங்கோ போய், தண்டபாணியின் பரிந்துரையோடு திரும்பி வர ஐந்து மாதம் ஆயிற்று.

வாசல் திறந்த முதல் நாள் காலை சில்வியா போயிருந்தாள். காவலர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிற பெண்களை எண்ணி ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இப்போதைக்குக் கோடு மட்டும்தான். பெயர் கேட்க எவ்வளவு நாளாகும் என்று சில்வியா நினைத்துக்கொண்டாள்.

வியாகுலம்மாள் கடைசியாக வந்தாள். இடுப்பில் புதுப் பறி. வாசலைத் தாண்டிப் போனவள் நின்று திரும்பினாள்.

"இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு கீற? கிளாசு இல்லியா உனுக்கு?"

"பத்து மணிக்குத்தான் அக்கா."

"அப்ப அந்தக் கல்லு மேல குந்து. இந்தப் பக்கம் வராத, சேறு."

சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். சில்வியா கல்மேல் உட்கார்ந்து, அவர்கள் ஒவ்வொருவராகக் குனிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதே காலுக்கு எழுந்து பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.